தொடர்புக்கு என்ற பக்கம்

வீட்டில் முதலில் எழுந்திருப்பவன் நான்தான், மச்சான். பல் துலக்கி, டீ போட்டு, ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு மடிக்கணினி முன் உட்காருவேன். இரவில் வந்த மின்னஞ்சல்களைப் பார்ப்பேன். என்னுடையவற்றுக்குப் பதில் எழுதுவேன். உங்கள் தங்கைக்கு வந்தவற்றுக்கும் எழுதுவேன், பிறகு அழித்துவிடுவேன். அதற்கப்புறம் அவளை எழுப்பி டீ கொடுப்பேன்.

இவ்வளவு நன்றாக வரைகிறவள் எதற்குப் பார்சல் வண்டி ஓட்டினாள் என்று நேற்று கேட்டீர்கள். அவள்மேல் மோதிய அந்த பஸ் டிரைவரை உள்ளே தள்ளாமல் விடமாட்டேன் என்றும் சொன்னீர்கள். ஸ்டேஷன் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தார். அதனால்தான் சொல்கிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்தபடியே இணையதளம் செய்து தருகிறேன், வேலை தேடுகிறவர்களுக்கு விண்ணப்பமும் எழுதித் தருகிறேன். படிக்கிறவரை நிறுத்தி வைக்கிற வரி ஒன்று இருந்தால் போதும். ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்காக, 'நான் பார்த்துக்கொண்ட லிஃப்டில் இதுவரை யாரும் மாட்டிக்கொண்டதில்லை' என்று எழுதினேன். உடனே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் வேலை பார்த்த பதிப்பகத்தை மூடியதும் அவளுக்கும் ஒரு தளம் செய்தேன். பாடப்புத்தகங்களுக்கு அவள் வரைந்த படங்கள்தான் முழுக்க. காதின் உட்புறத்தை அவள் வரைந்தால், பார்க்கிறவர் ஒரு சங்குக்குள் போய்வந்த மாதிரி இருக்கும். 'தொடர்புக்கு' என்ற பக்கத்தில் போன் நம்பர் வேண்டாம், கண்டவனும் கூப்பிடுவான் என்றேன். செய்தி அனுப்ப ஒரு படிவம் மட்டும் வைத்தேன். அதில் எழுதுவது முதலில் என் முகவரிக்குத்தான் வரும். யாருக்குச் செய்தாலும் அப்படித்தான், சோதித்துப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுப்பேன். அவளுடையதை மாற்றுவதற்குள் முதல் செய்தி வந்துவிட்டது.

வெளியூர்ப் பதிப்பகம். உடனே வந்து சேரச் சொன்னார்கள். தங்க வீடும் தருவதாக எழுதியிருந்தார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நான் பேசுவது அவள் ஒருத்தியிடம்தான். குடும்பச் சூழ்நிலையால் இப்போது இயலவில்லை என்று அவள் பெயரில் எழுதினேன். சாயங்காலம் அவளிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சாயங்காலம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கும் ஒண்ணும் வரலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பிறகு அது பழகிவிட்டது. அவளைத் தேற்றுவதற்காகத் தளத்தை இன்னும் நன்றாக்கினேன். நிறத்தை மாற்றினேன், படங்களைப் பெரிதாக்கினேன். அதனால் இன்னும் அதிகம் பேர் எழுதினார்கள். எல்லோருக்கும் மரியாதையாகத்தான் மறுத்தேன்.

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை, கிண்டல்தான் செய்வாள். "ஊர்ல இருக்குறவனையெல்லாம் வேலையில உக்கார வெச்சிட்டீங்க. வீட்டுல இருக்குறவளுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடைக்கலையே" என்பாள். கொஞ்ச நாளில் அந்தக் கிண்டலும் நின்றுவிட்டது. தன் கைத்திறமை போய்விட்டது என்று நம்ப ஆரம்பித்தாள். பழைய படங்களை எடுத்துவைத்து எங்கே தப்பு என்று என்னிடம் கேட்பாள். நானும் ஏதாவது சொல்வேன். அப்போதெல்லாம் என் தோளில்தான் சாய்ந்துகொள்வாள். அந்த மாதங்களில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை. நாங்கள் நன்றாக இருந்தோம், மச்சான்.

பார்சல் வேலையை அவளேதான் பிடித்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். அதற்கு விண்ணப்பம் எதுவும் எழுத வேண்டியதில்லை, ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும். அதனால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தத் திருப்பத்தில் பஸ் வேகமாக வரவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். அவள்தான் எதையும் பார்க்காமல் குறுக்கே போயிருக்கிறாள். டிரைவரை விட்டுவிடுங்கள். உங்கள் தங்கையை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. வேண்டுமென்று கேட்ட ஒவ்வொருவரையும் நான்தான் திருப்பி அனுப்பினேன்.

எதுவும் தெரியாமல் போய்ச் சேர்ந்தாள், அதுவரைக்கும் ஆறுதல் என்று சொல்லி முடிக்கத்தான் வந்தேன். அத்தையிடமும் அப்படித்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே 'போயிட்டு வரேன்' என்றாள், அதுதான் கடைசிப் பேச்சு என்றேன். அத்தை அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்கள். உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

அன்று காலை அவள் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றபோது போன் வந்தது. முதலில் எழுதிய அந்தப் பதிப்பகத்து அம்மாதான், அவளுடைய பழைய தோழி யாரிடமோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டிருந்தார். படியில் நின்று பேசினாள். பேசினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே வந்து என் மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, வாரை மாட்டாமலே நின்றாள். மாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மூணு தடவை கூப்பிட்டும் நான் வரலைன்னு எழுதிட்டேனாம். ஆனா, ரொம்ப அழகா எழுதியிருந்தேனாம்."