குறுக்கே ஓடும் நாய்

மாத்திரையை வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவுக்குள் வைத்துக் கொடுத்தால் எந்த நாயும் துப்பாது. இது நானே கண்டுபிடித்தது, ஐயா. அடிபட்ட தெருநாய்களை எடுத்துப் பராமரிக்கும் அந்தக் காப்பகத்தில் இப்போது எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறார்களாம்.

கேட்டதற்கு வருகிறேன். நான் ஓட்டிப்போன பைக்கிலிருந்து என் மனைவி விழுந்து இறந்த இடத்தில், பின்னங்கால் நசுங்கிக் கிடந்த நாய் அது. காப்பகத்து வண்டிதான் முதலில் வந்தது. நாயைப் போர்வையில் சுற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸ் பிறகு வந்தது. அவர்கள் மேல் தவறில்லை, அது நாய்களுக்கான வண்டி. ஆனால் நல்ல போர்வை. அவள்மேல் யாரோ செய்தித்தாளை விரித்திருந்தார்கள்.

குணமாகும்வரை நாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். நான் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் அழுதுவிட்டாள்.

"உங்க மனசு யாருக்கும் வராதுண்ணா."

புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாட்டியிருந்ததால் அதற்குப் பெயரே புனல். காலுக்குத் தகடு வைத்ததில் என் சேமிப்பு கரைந்தது. சிறுநீர் கழிக்க மூன்று மாடி தூக்கிக்கொண்டு இறங்கினேன். புண்ணைப் பார்த்துக்கொள்ள சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை.

மாமியார் வந்து வாசலிலேயே நின்றார். "என் பொண்ண முழுங்கின சனியன மடியில வெச்சுக் கொஞ்சுறீங்களே மாப்பிள்ளை. சூடு சொரணை இல்லையா உங்களுக்கு?"

"கொஞ்சம் பொறுங்க அத்தை" என்றேன்.

எழுந்து நிற்க முடியாத நாயிடம் என்ன கோபத்தைக் காட்டுவது?

தையல் பிரித்த அன்று கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓடுறப்போ அடிபட்டா இப்படி நசுங்காது சார். படுத்திருந்த கால்மேல சக்கரம் ஏறியிருக்கு. ரோட்டோரம் அது பாட்டுக்குத் தூங்கிட்டிருந்திருக்கும், பாவம். எவனோ போனை நோண்டிக்கிட்டே வந்திருப்பான்."

அவர் மேசைமேல் நான் வைத்திருந்த போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நாய் குறுக்கே ஓடிவந்தது என்று உங்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். படித்தவன். மருத்துவர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கா?

அன்று மாலையே புனலுக்கு 'இரு', 'வா' இரண்டையும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு முறை வந்ததும் மஞ்சள் கரு. கெட்டிக்கார நாய். இதற்குள் காப்பகத்துப் பெண் கூப்பிட்டாள். "அண்ணா, நம்ம புனலுக்கு வீடு கிடைச்சாச்சு. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாங்க. அழக் கூடாது, சரியா?"

சனிக்கிழமை அதைப் புறவழிச்சாலைக்கு அழைத்துப் போனேன். கயிற்றை அவிழ்த்தேன். 'இரு' என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அது என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு லாரி நெருங்கும்வரை காத்திருந்து, 'புனல், வா' என்றேன்.

வந்தது. வாலை ஆட்டிக்கொண்டே வந்தது.

லாரி ஓட்டுநர் இறங்கித் தலையில் அடித்துக்கொண்டார். "திடீர்னு குறுக்க வந்துருச்சு சார், நான் என்ன பண்ணுவேன்?" அதை அவர் வாயாலேயே சொன்னார். தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அத்தைக்கும் ஒரு நகல் வேண்டும்.

இருபது வருடமாக லாரி ஓட்டுபவர், ஐயா. அவருக்கே பிரேக் போட நேரமில்லை. எனக்கு மட்டும் எப்படி இருந்திருக்கும்?