வீட்டு நம்பர் இல்லாத பதிவுகள்

“எங்கம்மா பொய்யான ஆளாம் அண்ணே.”

ஹட்டன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். பக்கத்தில் இருந்தவர் அவளோடு ஒரே இடத்தில் வேலை செய்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“கிளினிக் திகதி அனுப்புற நம்ம புரோகிராம், தேயிலைத் தோட்டத்து ஆளுங்கள மட்டும் ஏன் விட்டுருதுன்னு ஏஐகிட்ட கேட்டேன். எல்லாத்தையும் வாசிச்சிட்டு ஒரு வரியைக் காட்டுச்சு. வீட்டு நம்பர் இல்லாட்டி பொய்ப் பதிவுன்னு தள்ளிருதாம். வரிசையா கட்டின லயத்து வீடுகள்ல யாருக்கு நம்பர் இருக்கு? அம்மா ஆறு மாசமா திகதிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“திருத்திருவோம் தங்கச்சி.”

“அந்த வரியை எழுதினது யாருன்னும் கேட்டேன். யார் எப்ப எழுதினதுன்னு புரோகிராம்ல இருக்கிற குறிப்பைப் பார்த்து உங்க பேரைச் சொல்லுச்சு.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்களும் வட்டவளை லயத்துல பொறந்தவருதானே. உங்க வீட்டுக்கு என்ன நம்பர்?”