மலிவாகக் கிடைத்த குண்டு

போர் நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷம். பொகவந்தலாவை பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"ஹட்டன் பெரிய கடையில குண்டு மலிவா கெடச்சுச்சுங்க. ரெண்டு டப்பா எடுத்துட்டேன்" என்றாள் மனைவி.

பஸ்ஸில் இருந்த எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

கணவன் பதறி எழுந்தான். "ஐயோ, பலூன் சுடுற ஈயக்குண்டுங்க! திருவிழாவுல நாங்க கடை போடுறோம்."

"அதுக்கு ரெண்டு டப்பாவா?" என்றார் கண்டக்டர்.

"சுட்டுப் பழகத்தாங்க" என்றாள் அவள். "போன வருஷம் இவரு சுட்டுக் காட்டுனாரு, ஒரு பலூனும் ஒடயல. சனமெல்லாம் சிரிச்சிட்டுப் போயிருச்சு. இந்தத் தடவ நான்தான் சுடப்போறேன். எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால டின்ன வச்சுப் பழகுறேன்."

"டின்னுல படுதா?" என்று கேட்டார் கண்டக்டர்.

கணவன் முந்திக்கொண்டான். "ஓட்டை இல்லாத டின்னு ஒண்ணுகூட இப்ப எங்க வீட்டுல இல்லீங்க!"