இடது இறக்கைக்குள் ஈயம்

சக்கரத்தைவிட இறக்கை சுலபம், ஐயா. சக்கரத்துக்கு இயந்திரம் வேண்டும். இறக்கைக்கு இரண்டு துண்டு நூலும் காற்றில்லாத ஓர் அறையும் போதும். மின்விசிறியை மட்டும் மறக்காமல் நிறுத்திவிட வேண்டும்.

நான் டயர் கடையில் சக்கரங்களுக்குப் பேலன்ஸ் பார்ப்பவன். சக்கரத்தைச் சுழலவிட்டு, கனக்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பில் ஈயத்துண்டு பொருத்துவது என் வேலை. மீசை முளைக்கும் முன்பே லாரி டயர் புரட்டத் தொடங்கியவன். வீட்டில் எனக்குச் ‘சக்கரம்’ என்று பெயர். என் சகலைக்கு, அதாவது மனைவியின் தங்கை புருஷனுக்கு, ‘ஏசி’. ஏசி மாட்டுவதும் கழற்றுவதும் அவன் பிழைப்பு. லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிமாடியாக ஏறுவான். என்னைப்போலவே முதுகை விற்றுச் சாப்பிடுகிறவன். அதனால் அவன்மேல் எனக்குப் பொறாமை என்று எதுவும் இருந்ததில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ரிமோட்டில் பறக்கும் விமானம் கட்டுவது அவனுக்குப் பைத்தியம். பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியாகக் கட்டியது எங்கள் கட்டில் நீளம் இருக்கும். இறக்கையோடு வாசலில் நுழையாது. கழற்றித்தான் உள்ளே கொண்டுவருவான். மூக்கில் பெட்ரோல் எஞ்சின், அதன்மேல் கெட்டி மரத்தில் செதுக்கிய ப்ரொப்பெல்லர்.

கட்டி முடித்ததும் என்னிடம் வருவான். ஜன்னலைச் சாத்திவிட்டு, மூக்கில் ஒரு நூல், வாலில் ஒரு நூல் கட்டி விட்டத்துக் கொக்கிகளில் தொங்கவிடுவோம். எந்த இறக்கை தாழ்கிறதோ அது கனம். மற்றதன் நுனியில் ஈயம் வைப்பேன். நடுவில் வைத்தால் விமானத்துக்கு உறைக்காது. நுனியில் சின்னத் துண்டே பெரிய வேலை செய்யும். கொஞ்சம் வைத்து, கொஞ்சம் சுரண்டி, இரண்டு பக்கமும் தரைக்குச் சமமாக நிற்கும்வரை அவன் மூச்சுக்கூட விடமாட்டான்.

“அண்ணே, இப்ப ஒரு ஈ வந்து உக்காந்தாகூட சாஞ்சிடும்ல?”

“உக்காந்தா அதுக்கு ஜோடியா இன்னொரு ஈயைப் புடிச்சு அந்தப் பக்கம் ஒட்டிடுறேன், விடு.”

சிரிப்பான். அதற்குமேல் அவன் சரிபார்த்ததில்லை. பறக்கவிடும் மைதானத்தில் யாராவது கேட்டால், “அண்ணன் கை வெச்சாச்சு” என்பான். அந்தச் சொல்லுக்குப் பிறகு அங்கே யாரும் இறக்கையைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

கோடையில் ஒருநாள் தன் பழைய விமானத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லி என் கையில் ரிமோட்டைக் கொடுத்தான். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறிவிடும். முன்பே சொல்லித்தான் இருந்தான், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. நான் திருப்பியதற்கு நேர் எதிராக அது திரும்பி, மூக்கு குத்தி மண்ணில் இறங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மகள், “அப்பா, சித்தப்பாகிட்டயே குடுத்துடுங்கப்பா, பாவம் அது” என்றாள்.

அன்றோடு முடிந்திருந்தால் சரி. அவன் அதைக் கதையாக்கிவிட்டான். பிறந்தநாள் வீடோ, ஆஸ்பத்திரி வராந்தாவோ, நாலு பேர் சேர்ந்தால் போதும். கையில் கிடைக்கும் கரண்டியை விமானமாக்கி, என்னைப்போலவே கண்ணை உருட்டி நடித்துக் காட்டுவான். “அண்ணன் ஓட்டல, உழுதாரு!” என்பான். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவனுக்கு என்மேல் பிரியம் உண்டு.

அவன் பெண்டாட்டி, என் கொழுந்தியாள், மட்டும்தான் அவனை அடக்குவாள். “போதும் நிறுத்துங்க, மாமா மூஞ்சியப் பாருங்க” என்பாள். உடனே எல்லாரும் என் மூஞ்சியைப் பார்ப்பார்கள். சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அது சுட்டது.

அவனும் ஒருமுறை எல்லார் முன்னாலும் விழுந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அவனுடைய விமானம் விழ வேண்டும். ஆளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

புது விமானத்தின் இறக்கைகளை என் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். இறக்கைக்குள்ளே ஒயர் ஓடுவதற்காக நுனிவரை காகிதக் குழாய் ஒன்று இருக்கும். இடது இறக்கையில், விமானத்தின் உடம்போடு சேரும் இடத்தில், அந்தக் குழாய்க்குள் ஈய உருளை ஒன்றைப் போட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த கிரீஸால் லேசாக ஒட்டினேன். நுனிப் பக்கத்தில் காயாத கோந்து தடவினேன். சாயங்காலம் அவன் வந்தபின் இறக்கைகளை உடம்பில் மாட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். உடம்பை ஒட்டிய ஈயம் காட்டிக்கொடுக்காது. சமமாக நின்றது. “அண்ணன் கைன்னா கைதான்” என்று என் விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இறக்குவதற்கு முன் விமானத்தை ஒருமுறை ஆகாயத்தில் பக்கவாட்டில் உருட்டிக் காட்டுவது அவன் வழக்கம். உருளும் வேகத்தில் உள்ளே இருப்பது வெளியே ஓடும். சக்கரக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈயம் நுனிக்குப் போய்க் கோந்தில் ஒட்டிக்கொள்ளும். வேகமாகப் பறந்துகொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இறங்க வேகத்தைக் குறைத்ததும் இடப்பக்கம் தாழ்ந்து விழும். மைதானத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்துதான் எல்லாரும் இறக்குவார்கள். அப்படி வந்தால் இடப்பக்கம் வெறும் முட்புதர். ஆட்கள் உட்காரும் துணிப்பந்தல் வலப்பக்கம். அதனால்தான் இடது இறக்கையைத் தேர்ந்தெடுத்தேன். நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை, ஐயா.

அன்று நன்றாகவே பறந்தது. உருட்டிக் காட்டினான். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதன்பிறகு காற்று திரும்பிவிட்டது. காற்றின் திசை பார்க்கக் கம்பத்தில் கட்டியிருந்த துணிப்பை மறுபக்கம் புரண்டது. “காத்து மாறிடுச்சு, அந்தக் கோடியிலேருந்து இறக்கு” என்று யாரோ கத்தினார்கள். எதிர்க்கோடியிலிருந்து வந்தால் இடப்பக்கம் பந்தல். அவன் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு வந்தான். எஞ்சின் சத்தம் தணிந்தது. இடது இறக்கை, சுமை இறக்கும் ஆளின் தோளைப்போல, மெதுவாகத்தான் தாழ்ந்தது.

கொழுந்தியாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ப்ரொப்பெல்லர் கழுத்தில் பட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

எல்லாரும் அவளிடம் ஓடினார்கள். நான் இறக்கையிடம் ஓடினேன். உடைந்த நுனியிலிருந்து பிடுங்கி எடுத்ததுதான் உங்கள் மேசைமேல் நான் வைத்திருக்கும் இந்த உருளை.

இறங்கும்போது வேகத்தை அளவுக்குமேல் குறைத்துவிட்டான் என்று கூடப் பறப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். அவனும் அதையே நம்பிவிட்டான். தன் கவனக்குறைவுதான் என்று உங்களிடமே சொல்லியிருக்கிறான். நாளைக்கு நீதிமன்றத்திலும் அதையே சொல்லப்போகிறான். நேற்று என் வீட்டுக்கு வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தான்.

“நீங்க சரியாத்தான் பண்ணிக் குடுத்தீங்கண்ணே. இந்த விரல்தான் அவளக் கொன்னுடுச்சு. அண்ணி முன்னால நிக்கவே கூசுது. என்ன மன்னிச்சிடுங்கண்ணே.”

“நடந்தது நடந்துபோச்சுடா” என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். என் மனைவி செத்துப்போன தங்கையின் புருஷனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பெருமையாகப் பார்த்தாள். இவ்வளவு நல்ல மனுஷனா என்று. தட்டிக்கொடுத்த அந்தக் கையோடு என்னால் சாப்பிட உட்கார முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

காற்று மாறியதை எப்போது கவனித்தாய் என்று அன்று விசாரித்தபோது கேட்டீர்கள். விழும்போதுதான் என்றேன். அது உண்மையில்லை.

துணிப்பை புரண்டவுடனே பார்த்துவிட்டேன். அவன் சுற்றிவர நேரம் பிடித்தது. இறக்காதே, புதரில் போடு என்று கத்தியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். என் மகள் பந்தலில் சித்திமேல் சாய்ந்துகொண்டிருந்தாள். நான் போய், “வா, வண்டியிலேருந்து தண்ணி எடுத்துட்டு வரலாம்” என்று அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். கொழுந்தியாளும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“நானும் வரேன் மாமா. உக்காந்து உக்காந்து காலெல்லாம் மரத்துப்போச்சு.”

எல்லாருமாக எழுந்து நகர்ந்தால், பிறகு யாராவது யோசிப்பார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. “இந்த வெயில்ல நீ எங்கம்மா வர்றே, நிழல்லயே உக்காரு” என்றேன். நான் சொன்னால் அவள் தட்டமாட்டாள். உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் கடுமையாகத்தான் இருந்தது, ஐயா. யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.