ஒரு தட்டு, ரெண்டு தட்டு

— மறுபடியும் கேளுங்க அண்ணி. அதே கேள்விய, அதே மாதிரி.

— எத்தனை தடவைதான் கேக்கறது தம்பி? உங்கண்ணனுக்கே சலிச்சுப் போயிருக்கும்.

— இருங்க. இந்தத் தடவை மிஷின் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திப் பாக்கப் போறேன். கேள்வி பட்டனை அமுக்கிட்டுக் கேளுங்க.

— என்னங்க, இங்க பாருங்க. சாயங்காலம் டாக்டர் வர்றாரு. வயித்துல குழாய் வெச்சுட்டா பால் நேரா உள்ள போயிடும். முழுங்கறேன்னு புரையேறிச் சாக வேண்டியதில்ல. வெச்சுக்கலாமா?... என்ன தம்பி, மிஷின்ல சத்தத்தையே காணோம்?

— நின்னுடுச்சு. நான் நிறுத்தச் சொன்ன வரியில வந்து நிக்குது.

— போச்சா? இருந்ததும் போச்சா?

— ஐயோ, இல்ல அண்ணி. டீபக்கர்னு, தப்பு கண்டுபுடிக்கற புரோகிராம் ஒண்ணு புடிச்சு வெச்சிருக்கு. ஓடற பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்தி செக்கிங் ஏறுவாங்கல்ல, அந்த மாதிரி. இப்ப உள்ள ஏறி, யார்கிட்ட என்ன டிக்கெட் இருக்குன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

— பஸ் கதையெல்லாம் உங்கண்ணன்கிட்ட சொல்லு, ஓட்டினவரு அவருதான். எனக்கு மிஷின் பழுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.

— பழுதான்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.

— பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு வாரமா எதைக் கேட்டாலும் ஒரே பாட்டு. பால்? வேண்டாம். மாத்திரை? வேண்டாம். டாக்டர் வந்து குழாய் வெக்கட்டுமான்னு கேட்டா அவருக்கும் வேண்டாம். டாக்டர் என்ன சொன்னாரு, நீயும் கேட்டேல்ல? "பதில் சொல்லத் தெரிஞ்ச பேஷண்ட்டும்மா. அவர் வேண்டாம்னா நான் கை வெக்க மாட்டேன்." முழுங்கவும் முடியாது, குழாயும் வேண்டாம்னா என்ன அர்த்தம்? பட்டினி கெடந்து போறேன்னு அர்த்தம். உங்கண்ணன் அப்படிச் சொல்ற ஆளா?

— இருங்க அண்ணி, இருங்க. 'தட்டு' எவ்வளவுன்னு கேக்கறேன்.

— யாரக் கேக்கற?

— மிஷினைத்தான். அண்ணன் விரலுக்கடியில இருக்கற பட்டனை எத்தனை தடவை தட்டினாருன்னு அந்தப் பேர்லதான் எண்ணி வெக்கும். ஒரு தட்டு சரி, ரெண்டு தட்டு வேண்டாம், மூணு தட்டு வலிக்குது.

— அதெல்லாம் எனக்கு மனப்பாடம். எத்தனைன்னு காட்டுது?

— ரெண்டு.

— கை நடுங்கியிருக்கும். ஒண்ணு தட்டப் போய் ரெண்டா விழுந்திருக்கும்.

— அதையும் பாத்துட்டேன். முதல் தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருக்கு. நடுக்கம்னா படபடன்னு விழும். இது நிதானமா தட்டினது.

— அப்ப ஒயர் கோளாறு. இல்லேன்னா நீ எழுதினதுல கோளாறு. ஊருக்கெல்லாம் லிஃப்ட்டுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கறவன், ஒரு குட்டிப் பெட்டியைப் பேச வெக்கத் தெரியலையா?

— பெட்டி குட்டியா இருக்கறதுதான் கஷ்டமே. பெரிய கம்ப்யூட்டர் மொழி எதுவும் அதுக்குள்ள நுழையாது. ஒரு சின்ன மொழியில, சின்னதா எழுதிப் போட்டேன். மொத்தமே ஒரு பக்கம்தான் அண்ணி. ஒளியறதுக்கு இடமே கிடையாது.

— ஒரு பக்கத்துல தப்பு இருக்காதா? ரெண்டு வரி மொய் கவர்லயே பேரைத் தப்பா எழுதற ஆளு நீ.

— சரி, வேற யாராவது நடுவுல பூந்தாங்களான்னு பின்னாடியே போய்ப் பாக்கறேன். மிஷினுக்குப் 'பேசு'ன்னு உத்தரவு அனுப்பினது யாரு? 'பதில்'னு நான் பேர் வெச்ச வரி. பதிலை அனுப்பினது யாரு? பட்டன். அதுக்குப் பின்னாடி யாருமில்ல. விரல்தான். இப்ப மேல ஓட விடறேன்.

— வேண்டாம்.

— கேட்டியா மிஷினை? கிளிப்பிள்ளை மாதிரி.

— கிளி சொல்லல அண்ணி. அண்ணன் சொல்றாரு.

— நீ அங்க கூடத்துல ஒக்காந்துக்கிட்டு கறுப்புத் திரையை முறைச்சு முறைச்சுப் பாக்கற. உள்ள வந்து அவர் மூஞ்சியைப் பாத்து அதைச் சொல்லு.

— ஒயர் எட்டல.

— ஒயர்தான் எட்டலையா?

— அண்ணி, அவருக்குக் காது நல்லாக் கேக்கும். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— கேக்கட்டுமே. கேக்கணும்னுதானே பேசறேன். பதில் சொல்லணும்னா நாம பட்டன் அமுக்கினாத்தான் உண்டு, காது கேக்கறதுக்கும் பட்டன் வெக்கணுமா? நீ ஒண்ணை யோசிச்சுப் பாரு. கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக் குழாய் வெக்கணும்னு இதே டாக்டர் வந்து கேட்டப்ப என்ன சொன்னாரு? சரின்னாரா இல்லையா?

— சொன்னாரு.

— நீயும் நானும் அழுதுக்கிட்டே சிரிச்சோமே. போகத் துணிஞ்சவரு அன்னிக்கு ஏன் சரின்னாரு? வாழணும்னு ஆசை இருக்கறவருதான் சரின்னு சொல்லுவாரு. அதை நம்பித்தானே நானும் இத்தனை நாள் ராப்பகலா இழுத்துக்கிட்டு ஓடறேன். அன்னிக்கு சரி, இன்னிக்கு வேண்டாம்னா பழுது மிஷின்லதான். உங்கண்ணன்கிட்ட இல்ல.

— நீங்க சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு.

— நியாயம் இருக்கு, சாட்சி இல்ல. அதைத்தான் உன்னைக் கண்டுபுடிக்கச் சொல்றேன். கால்ல விழலாம்னாலும் மிஷினுக்குக் கால் இல்ல.

— வேற ஏதாவது கேட்டுப் பாருங்க. அவர் சரின்னு சொல்ற மாதிரி ஒண்ணு. அது வர்ற வழியையும் பாத்துட்டா, எங்க பிரியுதுன்னு தெரிஞ்சுடும்.

— ரேடியோ போடட்டுமாங்க?

— நிக்குது. பாத்துட்டேன். விடறேன்.

— சரி.

— பாரு, இதுக்கு மட்டும் ஒழுங்காச் சொல்லுது. முன்னெல்லாம் காலையில துடைச்சு விடட்டுமான்னாலும் சரி. ஜன்னல் திறக்கட்டுமான்னாலும் சரி. எல்லாத்தையும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு, போன வாரம் வரைக்கும்.

— இருங்க அண்ணி. இந்த வரியை மறுபடியும் பாக்கறேன்.

— எத்தனை தடவைதான் பாப்ப? உன்னையும் டீபக்கர் புடிச்சு வெச்சிருக்கா?

— போன வாரம் என்ன மாத்தினீங்க?

— எதை?

— பட்டனை. ஏதாவது மாத்தினீங்களா?

— மாத்தல. அவர் விரலுக்கடியில நிக்காம நழுவி நழுவி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நர்ஸம்மாதான் பிளாஸ்திரி போட்டு விரலோட ஒட்டி விட்டாங்க. அப்பப்ப நான் கழட்டிக் கை கழுவி விடுவேன். ஏன்?

— இன்னொண்ணு கேளுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல.

— எதைக் கேக்கறது... என்னங்க, நான் இப்படிப் பக்கத்துலயே ஒக்காந்திருக்கேனே, இருக்கட்டுமா?

— நின்னுடுச்சு.

— சொல்லு, எத்தனை தட்டு?

— அண்ணி, அண்ணன் கை எங்க இருக்கு?

— எங்கிட்டதான். என் கைக்குள்ள.

— பட்டன்?

— அது இந்தாண்ட, தலகாணி மேல கெடக்கு. ரேடியோவுக்கு முன்னாடியே கழட்டிட்டேன். கை சில்லுன்னு இருந்துச்சு, புடிச்சுக்கலாம்னு.

— இப்ப அது 'சரி'ன்னு சொல்லும் பாருங்க.

— சொல்லட்டும். சொல்றதுதானே...

— சரி.

— ...உனக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?

— இங்க எழுதியிருக்கு. தட்டினதுக்கு வார்த்தை இருந்தா அந்த வார்த்தை. இல்லேன்னா 'சரி'.

— இல்லேன்னான்னா?

— யாரும் தட்டலேன்னா. இப்ப தட்டு ஒண்ணுகூட இல்ல அண்ணி. ரேடியோவுக்கும் இல்ல.

— யாரும் தட்டலேன்னா அது ஏன் வாயைத் திறக்குது?

— ஆரம்பத்துல அண்ணன் பதில் சொல்லாம இருந்தா பெட்டி அப்படியே படுத்துக்கும். ஒவ்வொரு தடவையும் எழுப்பணும். சோதிச்சுப் பாக்கறப்ப ஏதாவது ஒரு வார்த்தை சொல்லட்டும்னு போட்டேன். அப்புறம் எடுத்துடலாம்னு. எடுக்கல.

— நீ இப்ப என்ன சொல்ல வர்ற?

— வேண்டாம்ங்கறது தானா வர்ற வார்த்தை இல்ல. ரெண்டு தட்டு விழுந்தாத்தான் வரும்.

— அப்ப ஒரு தட்டும் விழுந்திருக்கலாம்ல? நிஜமாவே சரின்னு தட்டியிருக்கலாம்ல? துடைச்சு விடறதுக்கு, ஜன்னலுக்கு, எதுக்காவது?

— விழுந்திருக்கலாம். எது விழுந்தது, எது விழலைன்னு இப்ப என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.

— நான் தினம் அவர் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் கேப்பேன் தம்பி. எங்கூட இருக்கறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையேன்னு. கையைப் புடிச்சுக்கிட்டுத்தான்.

— அண்ணி...

— மூச்சுக் குழாய்க்குக் கேட்டப்ப மட்டும் தட்டியிருப்பாரு. அது பெரிய விஷயம். அதுக்கு அவர் தட்டாம இருந்திருக்க மாட்டாரு.

— அன்னிக்கு ஆஸ்பத்திரியில கையில ஊசி ஏறிக்கிட்டு இருந்துச்சு.

— ஆமா. புடுங்கிடறாருன்னு ரெண்டு கையையும் கட்டிலோட கட்டி வெச்சிருந்தாங்க. நான்தான் மிஷினையும் அவர் பட்டனையும் மடியில வெச்சுக்கிட்டு கேள்வி பட்டனை அமுக்கினேன். டாக்டர் குனிஞ்சு கேட்டாரு. அது சரின்னுச்சு. நீயும்தானே நின்ன?

— நின்னேன். எல்லாரும் மிஷினையே பாத்துக்கிட்டு நின்னோம். அண்ணனை யாரும் பாக்கல.

— கட்டின கையை வெச்சுக்கிட்டு அவர் எப்படித் தம்பி தட்டினாரு?

— தட்டல அண்ணி. வேண்டாம்னு சொல்றது அண்ணன். அன்னிக்கு டாக்டர்கிட்ட சரின்னு சொன்னது நான்.