ஷம்ஸியாவின் அளவு

எனக்கு எந்த ரெடிமேட் சட்டையும் பொருந்தாது, சார். கழுத்துக்குச் சரியாக இருந்தால் வயிற்றில் பொத்தான் தெறிக்கும். இப்படிப்பட்டவன் மேலப்பாளையத்தில் தையல் கம்பெனி நடத்தினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும்.

வளரும் பெண்களுக்குச் சிறுமிகள் சுடிதாரும் சேராது, பெரியவர்கள் சுடிதாரும் சேராது. அவர்களுக்கென்று உடை செய்ய ஒரு வடிவமைப்புக் கல்லூரியோடு சேர்ந்தேன். தைத்ததைப் போட்டுப் பார்க்கக் கண்காட்சிவரை அளவு மாறாத ஒரே உடல் வேண்டும் என்றார் ஆசிரியை பிருந்தா. என் மூத்த மகள் ஷம்ஸியாவைத் தேர்ந்தெடுத்தார். அவளுக்குப் பதினான்கு வயது. பரிசு எனக்கே கிடைத்ததுபோல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ரமலானுக்கு முன் அவள் இடுப்பு ஓர் அங்குலம் கூடியது.

"வளருற பிள்ளைதான அண்ணாச்சி. வேற பொண்ணு பாத்துக்கிடுவோம்" என்றார் பிருந்தா.

எனக்கு நூல் விற்கும் தேவமணி அன்றே வந்துவிட்டார். "உம்ம மவ பெருத்துட்டாளாம்லா வே, அசன் மைதீன். எம்மவள அனுப்பட்டா?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிருந்தாவிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன்.

நோன்பு மாதம் உதவியது. அளவு திரும்பியது. பெருநாள் கழிந்ததும் விரும்பினால் வைக்கும் ஆறு நோன்பு. அப்புறம் வாராவாரம் திங்கள், வியாழன் நோன்பு. மற்ற நாட்களை நானே சேர்த்தேன். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமும் அரைக் கோப்பைக் கஞ்சியும் போதும் என்றேன். எதிரே உட்கார்ந்து புரோட்டா தின்றபடிதான் சொன்னேன். என் நோன்பு ரமலானோடு சரி.

"பிள்ள படியேற மாட்டாம பாதியில உக்காந்துருதா. நீங்க சோத்தத் தள்ளி வைக்கியளே" என்றாள் மனைவி நஃபீஸத்.

"ஈமான் உள்ள பிள்ள, அல்லாவுக்காக நோன்பு புடிக்கா. நீ கெடுக்காத" என்றேன்.

ஷம்ஸியா ஒருமுறைதான் கேட்டாள். "வாப்பா, கண்காட்சி முடிஞ்சா சோறு திங்கலாமா?"

தாராளமாக என்றேன்.

கண்காட்சியில் ஷம்ஸியா உடம்பில் உடை ஒரு சுருக்கமில்லாமல் நின்றது. உடலுக்குத்தான் உடை பணிய வேண்டும் என்று மேடையில் பேசினேன். பிருந்தா எழுதித் தந்த பேச்சு, கைதட்டல் எனக்கு. மேடையை விட்டு இறங்கும்போது ஷம்ஸியா விழுந்தாள். இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் அடக்கம் செய்தோம்.

பட்டினி போட்டுக் கொன்றது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளைகளுக்கு என்மேல் பயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சார். இளையவள் ரைஹானத் மூன்று நாளாக என் முன்னால் சாப்பிடுவதே இல்லை. நோன்பு பிடிக்கிறாள் போலிருக்கிறது.