மூணு வருச வேசம்

— மறுபடியும் சொல்லுங்க மாமா. நான் மன்மதன் வேசம் கட்டணுமா?

— ஆமாடா அழகா. மாசி பொறந்ததும் காமன் கூத்து. கூத்து வாத்தியாரு நான் சொல்றேன், இந்த வருசம் நீதான் மன்மதன்.

— போன வருசம் ரெண்டு காலோட வந்து, தூதன் வேசமாவது குடுங்கன்னு கெஞ்சுனேன். தவளைக் கொரலு, போடான்னு வெரட்டுனீங்க. முட்டியில புத்துநோய்னு கொழும்புல காலை வெட்டுனதும் தொண்டை நல்லாயிருச்சோ?

— அடப் போடா! தாய்மாமனைக் குத்திக் குத்திப் பேசாத.

— குத்தல மாமா, பூரிச்சுப் போயிட்டேன். தேயிலைத் தோட்டமே மாறிப் போச்சே! கணக்கப்பிள்ளை ஐயா "என்ன தம்பி, சாப்பிட்டியா"ங்கறாரு. முந்தி "டேய்"தான். அன்ஸார் நானா கடையில கேக்காமலே பிஸ்கோத்து வருது. பள்ளிக்கூடத்துல புத்து ஒட்டிக்கும்னு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க, முழு பெஞ்சும் எனக்கே. தொரை மகனுக்குக்கூட அப்புடிக் கெடைக்காது.

— சின்னராசா ஒம் பக்கத்துல உக்காரலியா? சேக்காளிதானே?

— உக்காந்தான். நோய் ஒட்டாம இருக்க அவங்கம்மா ஒடம்பு முழுக்க வேப்பெண்ணெ தடவி அனுப்புது. நாத்தம் தாங்காம நான்தான் தள்ளி உக்காந்தேன்.

— ஒன் வாய்க்கு மட்டும் ஒரு நோயும் வரலடா.

— வீட்டுலயும் ராச மரியாதைதான். வீரம்மாக்கா எங்கூடச் சண்டை போடுறதையே விட்டுருச்சு. எந்த லயத்து வீட்டுலயாவது அக்கா சண்டை போடாம இருக்குமா? காலு போனதைவிட அதுதான் மாமா வலிக்குது. சரி, ரதி யாரு?

— சின்னராசா.

— வேப்பெண்ணெ ரதி, ஒத்தக்கால் மன்மதன். பிரமாதமான சோடி! தேரெல்லாம் வேணாம், ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியே போதும்.

— கக்கத்துக் கட்டையை ஊனிக்கிட்டு நாலு ஆட்டம் ஆடு. கரும்பு வில்லை அந்தக் கட்டையிலயே கட்டி விடுறேன்.

— அப்புறம் சிவன் வேசத்துல நீங்க வந்து நெத்திக்கண்ணைத் தொறந்து எரிப்பீங்க. கொழும்பு டாக்டரு ஏற்கனவே கரண்டு வச்சு எரிச்சிட்டாரு. ஒங்களுக்கு மிச்சமில்ல.

— எரிஞ்ச மன்மதன் மூணாம் நாள் எந்திரிச்சிருவான்டா.

— அவன் பெருமாள் மகன். நான் ஆண்டியப்பன் மகன்.

— வெளையாட்டுக்குக்கூட அப்புடிப் பேசாதடா.

— வெளையாட்டு இல்ல மாமா. நான் கொழும்புல கெடந்தப்ப அம்மா என்னான்னு வேண்டுச்சு?

— நீ கொணமாகி வந்தா, ஒன்னை மன்மதன் வேசம் கட்டி ஆட வைக்கிறேன்னு.

— கொணமாகி வந்தா. நான் கொணமாயிட்டனா?

— சாமி காரியம்டா… கொஞ்சம் முன்னப்பின்ன செய்யலாம்.

— போன வாரம் டிக்கோயா ஆஸ்பத்திரியில நெஞ்சைப் படம் புடிச்சாங்க. அப்பாவை மட்டும் உள்ள கூப்புட்டாங்க. வெளிய வந்தவரு நேரா கடைக்குக் கூட்டிட்டுப் போயி எனக்குக் கேக்கு வாங்கிக் குடுத்தாரு. தீவாளிக்கே வாங்காத மனுசன்! கேக்கைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு, நெஞ்சுக்கும் வந்துருச்சுன்னு.

— அழகா…

— அழுவாதீங்க மாமா, சிவனுக்கு அழகா இல்ல. அடுத்த மாசிக்கு நான் இருக்க மாட்டேன், அதான் நேத்திக்கடனை இப்பவே கழிக்கப் பாக்குறீங்க. சரிதானே?

— பயமா இருக்காடா?

— இருக்கு. இருமல் வர்றப்ப ரொம்ப இருக்கு. அம்மா முழிச்சிரக் கூடாதுன்னு போர்வையைக் கடிச்சுக்குவேன். போகட்டும், வேசம் கட்டுறேன். நம்ம தோட்டத்து வழக்கம் என்னா? மன்மதன் வேசம் ஒருத்தன் எத்தன வருசம் கட்டணும்?

— தொடந்து மூணு வருசம்.

— அதை அம்மாகிட்டச் சொல்லுங்க. "அக்கா, மூணு வருசத்துக்கு ஒம் மகன்தான் மன்மதன்"னு சத்தமாச் சொல்லுங்க. பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா சொல்லல. மூணு வருசம்னு காதுல விழுந்தா நிம்மதியாத் தூங்கும்.

— நான் எப்புடிடா அதைச் சொல்லுவேன்?

— வருசா வருசம் சிவன்னு சொல்லிக்கிட்டுத்தானே வர்றீங்க? இந்தப் பொய் வராதா?

— அதில்லடா. நேத்து ஒங்கம்மா வந்து எங்கையைப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டுப் போச்சு. "தம்பி, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. மூணு வருசத்துக்கு அவன்தான் மன்மதன்னு சொல்லு, புள்ள நிம்மதியாத் தூங்கட்டும்"னு.